எமில் ஸ்ட்ராக்மனின் பதினான்கு படங்கள்

1

எமில் ஸ்ட்ராக்மன் என்று ஒரு நடிகர் இருந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தடவை சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

நோய்க்காலத்தில், மலேசியாவில், ஆயர் குரோவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையை இரண்டு வாரம் மூடினார்கள். என் பெயர் கோமளா. அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது என் கதை வரும். வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில் கைப்பேசியில் பழைய ஊமைப் படத் துண்டு ஒன்றைப் பார்த்தேன். நாற்பது நொடிதான். அரண்மனைப் படிக்கட்டில் ஓர் இந்திய ராஜா நிற்கிறான். தலைப்பாகை, முத்துமாலை. முகத்தில் பூசிய கருஞ்சாயம் காதுக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கழுத்து வெள்ளை. படத்துக்கு வெளியே இருக்கும் யாரையோ பார்க்கிறான், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். அவ்வளவுதான் துண்டு. யார் இந்த நடிகர் என்று கீழே ஆறேழு பேர் கேட்டிருந்தார்கள். ஜெர்மன்காரர் என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாதவரைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. தப்பு என்று சொல்ல ஆள் வராது.

பெயரை, எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த ஜெர்மன் பொறியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தொடக்கம்தான் வரவில்லை.

'பெர்லின் நகரில் அன்று பனி பெய்துகொண்டிரு—'

(நான் பனியைப் பார்த்ததில்லை.)

'ஒப்பனைக் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்த எமில், கண்ணாடிக்குள் இருந்த அந்நியனை—'

(நடிகர்களைப் பற்றிய கதைகள் ஏன் எல்லாமே கண்ணாடியின் முன்னால் தொடங்குகின்றன?)

'லைப்சிக் நகரத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்த எமிலின் குரலைக் கேட்டு முதலில் சிரித்தது அவனுடைய தாய்தான்.'

இது நிலைத்துவிட்டது.

2

அவனுடைய தொழில் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்கிறேன். பத்திரிகையில் இது மட்டும் ஒன்றே முக்கால் பக்கம் வந்தது.

எமிலின் குரல் கீச்சென்று இருக்கும். போதாததற்கு அவனுடைய ஊர்ப் பேச்சு. பெர்லின்காரர்கள் அதைக் கேட்டாலே சிரிப்பார்கள். நாடகக் குழு ஒன்றில் ஆறு வருஷம் வாயைத் திறக்காத வேடங்கள்: காவல்காரன், பிணம், மேசை துடைப்பவன். போருக்குப் போய் இடது காலில் ஒரு குண்டுச் சிதறலோடு திரும்பினான். (அந்தச் சிதறல் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன்காரன் என்றால் போருக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.) அவன் திரும்பிய சமயத்தில் படம் எடுப்பவர்களுக்குக் குரல் தேவைப்படாத முகங்கள் வேண்டியிருந்தன. எமிலுக்குப் பெரிய கண்கள். முதல் படத்தில் சாமியார். அடுத்ததில் பாம்பாட்டி. மூன்றாவதில் ராஜா ஆகிவிட்டான்.

பெர்லினுக்கு வெளியே மரச்சட்டமும் சாந்துமாகக் கட்டிய அரண்மனைகளில் ஒன்பது வருஷம் எமில் இந்தியனாக இருந்தான். பதினான்கு படங்கள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. அவன் முகம் போட்ட தபால் அட்டைகள் விற்றன. ஆனால் சாயத்தைக் கழுவிவிட்டுத் தெருவில் நடந்தால் ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியாது. ஒரு நாள் ரொட்டிக் கடையில், அவன் அட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அவன் வழிவிட்டு நின்றான். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் கோட்டில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைக்கூட எழுதினேன்.

பிறகு பேசும் படம் வந்தது. எமிலையும் குரல் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ராஜா உடுப்பில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: 'இந்த ராஜ்யம் இனி உன்னுடையது.' சொன்னான். ஒலிப்பதிவுக்காரர்கள் கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள். அவர்களுடைய சத்தம் வெளியே கேட்காது, ஆனால் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். எதற்குச் சொல்லச் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் சொன்னான். முன்பைவிட நன்றாக வந்ததாக அவனுக்குத் தோன்றியது.

இந்த இடத்தை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. இப்போது அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு படம் இல்லை. இரண்டு வருஷம் பெர்லினில் ஓர் உணவகத்தின் வாசலில், தலைப்பாகையும் சாயமுமாக நின்று, வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டான். கதையை இங்கே முடித்திருந்தால் அது சுமாரான ஒரு கதையாகப் போயிருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை.

3

பத்திரிகை ஒரு சிறுகதைப் போட்டி வைத்தது. மலேசிய மண்ணின் வரலாறு சார்ந்த கதையாக இருக்க வேண்டும். என் கையில் இருந்தது பெர்லின் கதவு திறப்பவன். அவனைக் கப்பலேற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்தேன்.

எப்படிக் கொண்டுவந்தேன் என்றால், பேசும் படம் வந்ததும் பழைய ஊமைப் படங்கள் குப்பை விலைக்குப் போயின. எமில் தன் படம் ஒன்றையும் கையால் சுழற்றிக் காட்டும் கருவி ஒன்றையும் வாங்கிக்கொண்டு, பேசும் படம் இன்னும் எட்டிப் பார்க்காத ரப்பர் தோட்டங்களைத் தேடி வந்தான். ஜாசின் பக்கம் லாரியில் சுற்றினான். நான் பிறந்த தோட்டத்தின் திடலில் வெள்ளைத் துணி கட்டி, தானே நடித்த படத்தைத் தானே ஓட்டினான். உண்மையான தமிழ்ச் சனங்கள் முதல் முறையாக அவனுடைய இந்திய ராஜாவைப் பார்த்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

'ராசா மூஞ்சிக்கு மட்டும் காசு குடுத்தாங்க போல, கழுத்துக்குக் குடுக்கல.'

அதற்கு அடுத்த மூன்று வரியை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

'கூட்டத்தில் ராமாத்தாள் என்ற பால்வெட்டும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மறு வருஷம் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதன் கண்கள் வெளுத்திருந்ததால் குழந்தையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.'

பிறகு கதை சிங்கப்பூர் துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. கப்பல் தளம், கடல், எமிலின் தனிமை. ஒரு பக்கம் முழுக்க.

போட்டிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில் எழுதப்பட்டதா? 'ஆம்' என்று குறியிட்டேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. கதைக்குக் கீழே அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

4

கதை வந்த நாலாம் நாள், பத்திரிகையில் என் எண்ணை வாங்கி, தெங்கேரா என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"கோமளா அக்காவா? பேப்பர்ல அந்த ஜெர்மன் நடிகர் கதை எழுதுனது நீங்கதானே? என் பேரு சாலிஹா. இங்க மளிகைச் சாமான் கடை வச்சிருக்கோம்."

"சொல்லுங்க."

"அது நெசமா நடந்ததா அக்கா? கீழ அப்படிப் போட்டிருக்கு."

இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். கதையைப் படித்துவிட்டு என்னை யாரும் அழைத்ததில்லை. 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அவள் சரி என்று வைத்திருப்பாள்.

"கொஞ்சம் கற்பனை இருக்கும். அடிப்படை உண்மைதான்" என்றேன்.



"அந்தப் புள்ளைய யாருக்குக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது தெரியல."

"எங்க அத்தாவா இருக்கும்னு நெனைக்கிறேன்க்கா."

அவளுடைய தகப்பனார் பெயர் மீரா சாஹிப். எண்பத்தெட்டு வயது. கடைக்கு மேலே உள்ள வீட்டில், சன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் படியேறிப் போனதும் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் பச்சையும் சாம்பலுமாக இருந்தன. கதையில் நான் 'வெளுத்த கண்கள்' என்று எழுதியது சோம்பலில் எழுதிய சொல். அவருடைய கண்களைப் பார்த்தபோது படியிறங்கி ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. ஓடவில்லை.

"வாம்மா. நீதான் எங்கப்பன கண்டுபிடிச்சவளா? உக்காரு. சாலிஹா, தண்ணி கலக்கும்மா."

அவரே சொன்னார். அவருடைய வளர்ப்புத் தகப்பனார் தெங்கேராவில் கருவாடும் அரிசியும் விற்றவர். ஜாசின் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவார். பிள்ளை இல்லை.

"கருவாடு எறக்கிட்டு வெறுமனே திரும்புன வண்டியில என்னைய ஏத்திட்டு வந்திருக்காரு. ஒரு வாரத்துப் புள்ள. எந்தத் தோட்டம், யாரு பெத்தது, ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. வளத்தவங்க ஒரு கொறையும் வைக்கலம்மா. ஆனா பள்ளிக்கூடத்துல, கடைத்தெருவுல, எங்க போனாலும் வெள்ளச் சாய்பு, வெள்ளச் சாய்பு. கலியாணத்துக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துலகூட, பையன் யாரு புள்ளன்னு கேட்டாங்க."

"எங்கம்மா வீட்டுலதான் கேக்காம குடுத்தாங்க" என்றாள் சாலிஹா, தேநீரை வைத்துக்கொண்டே.

"சப்பான்காரன் வந்தப்ப எனக்கு ஏழு வயசு. வெள்ளக்காரங்கள எல்லாம் புடிச்சு அடைக்கிறான். என்னையப் பாத்தா விடுவானா? வளத்த அம்மா தெனமும் காலையில அடுப்புக்கரிய தேங்கா எண்ணெயில கொழச்சு மூஞ்சி, கழுத்து, காது மடல் எல்லாம் பூசி விடுவாங்க. மூணு வருசம். வேர்த்தா வழியும், அதனால வெளையாட விட மாட்டாங்க." அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "நீ எழுதியிருந்தியே, அவருக்கும் கறுப்புச் சாயம் பூசுவாங்கன்னு. அதைப் படிச்சப்பதான் எனக்கு உறுதியாச்சு. அவருக்கும் பூசுனாங்க. எனக்கும் பூசுனாங்க."

நான் தேநீரைக் குடித்தேன்.

"போட்டோ எதும் இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, அந்த நாற்பது நொடித் துண்டிலிருந்து ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். பெயர் தெரியாத யாரோ ஒரு மனிதர். அவரை எமில் ஸ்ட்ராக்மன் என்று சொல்லிக் கொடுத்தேன். காது ஒரே மாதிரி இருப்பதாகச் சாலிஹா சொன்னாள். மீரா சாஹிப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டம் போடச் சொன்னார்.

5

ஐந்து மாதம், கிட்டத்தட்ட எல்லாச் சனிக்கிழமைகளிலும் போனேன். ஏன் போனேன் என்பதற்கு இரண்டு காரணம் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் நல்ல வாசகர் என்பதுதான் மிச்சம். எனக்கு வாய்த்த ஒரே நல்ல வாசகர்.

"அன்னைக்கு அவரு கொரலக் கேட்டுச் சிரிச்சாங்களே, அப்புறம் வூட்டுக்குப் போயி என்ன செஞ்சாரு?"

"உடுப்பக்கூட மாத்தாம அப்படியே டிராம்ல போனாருங்கய்யா. முத்துமாலையோட."

(அந்த நொடியில் வாயில் வந்தது.)

"அழுதாரா?"

"டிராம்ல அழல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பதினான்கு படங்களின் கதையையும் கேட்டார். ஒன்பதாவது படம் வரை சொன்னேன். நோய்ப்பட்ட குதிரை வரும் படம், கிணற்றுக்குள் ரத்தினம் கிடக்கும் படம். வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே குறிப்பெடுத்துக்கொண்டு போவேன். ஏழாவது படத்தில் ராஜா இறக்கும் காட்சியைச் சொன்ன அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை என்று சாலிஹா பிறகு சொன்னாள்.

பத்தாவது படத்துக்குக் குறிப்போடு போன சனிக்கிழமை, அவர் வேறு ஒன்று கேட்டார்.

"அவ எப்படி இருப்பா?"

"யாருங்கய்யா?"

"எங்கம்மா. ராமாத்தா."

என்னிடம் ஒன்றுமே இல்லை.

"அவங்கள பத்திப் பதிவு எதுவும் கெடைக்கலங்கய்யா."

"எல்லாரும் சிரிச்சப்ப அவ மட்டும் சிரிக்கலன்னு எழுதியிருக்கியே. ஏன் சிரிக்கல?"

"தெரியலைங்க."

"நீதானம்மா எழுதுன" என்றார். குறையாகச் சொல்லவில்லை. புரியாமல் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

'ராமாத்தாள் விடிவதற்கு முன்பே எழுந்து—'

'ராமாத்தாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுடைய—'

'ராமாத்தாள் சிரிக்காததற்குக் காரணம்'

இதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. என் அம்மா ஐம்பத்தைந்து வயது வரை பால்மரம் வெட்டியவள். எத்தனை மணிக்கு எழுவாள், வாளியை எந்தத் தோளில் மாட்டுவாள், கைவிரலில் ஒட்டிய பாலை எப்படி உருட்டி எடுப்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நான் லைப்சிக் போனதில்லை. ஆனால் லைப்சிக் ஆளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். ராமாத்தாளுக்கு மூன்று வரி. அதிலும் இரண்டு வரி குழந்தையைப் பற்றியது.

6

சாலிஹாவின் மகன் தாரிக் கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கிறான். ஹரி ராயாப் பெருநாளுக்கு வந்தவன், தாத்தாவின் எச்சிலைக் குப்பியில் எடுத்து வெளிநாட்டுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினான். எமிலின் குடும்பத்தார் யாராவது ஜெர்மனியில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று அவனுக்கு ஆசை. எனக்கு இது முடிவு வந்த பிறகுதான் தெரியும்.

தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஆண்டி, ரிசல்ட் வந்திருச்சு. ஜெர்மன் சைடு ஒண்ணுமே இல்ல லா. அப்பா வழி ஸ்காட்லாந்து, நார்த் இங்கிலாந்து. அம்மா வழி சவுத் இந்தியா. கிளியரா இருக்கு."

இதை வாசிக்கும் உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் வெளுத்த கண்ணோடு குழந்தை பிறந்தால் அதற்கு யாரும் கதை தேடியதில்லை. பங்களாவுக்கு வேலைக்குப் போன பெண் யார், அப்போது துரை யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு அவளைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். எனக்கு இது பத்து வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு துரை செய்ததை எடுத்துப் பெரிய கண்களுள்ள, தோற்றுப்போன ஒரு கலைஞன் மேல் ஏற்றி, அவனுக்காக எல்லாரையும் இரக்கப்பட வைத்தேன். இரண்டாம் பரிசும் வாங்கினேன்.

தாரிக் கேட்டான்: "அப்ப அந்த எமில் கதை?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது.

"எமில் வந்தது உண்மைதான்" என்றேன். "ஆனா உன் தாத்தாவுக்கு அப்பா அவர் இல்ல போல. தோட்டத்துல வேற துரைங்க இருந்திருப்பாங்க."

அன்று சாயங்காலமே தெங்கேராவுக்குப் போனேன். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். சுவரில் சட்டம் போட்ட படம் இல்லை. அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி எனக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்தாள் சாலிஹா.

மீரா சாஹிப் சொன்னார்: "யாரோ ஒரு தொரை. சரி, போறான். அவன் பேரு எனக்கு வேண்டாம்." பிறகு, "ஆனா அம்மா வழி நம்ம ஆளுன்னு வந்திருக்காமே. அப்ப ராமாத்தா நெசம்தானே?"

ஊமைப் படத்துக்கு நடுவே எழுத்துப் பலகை வருமே, அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றவள்போல—

(இந்த உவமையை விடுங்கள். இப்படியெல்லாம் எழுதித்தான் வேலையைக் கெடுத்தேன்.)

ஆமென்று தலையசைத்தேன்.

7

அதற்குப் பிறகு அவர் எமிலைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னிடம் மீதி இருந்த ஐந்து படங்கள் அப்படியே நின்றுபோயின. அவரே ராமாத்தாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். உயரமாக இருந்திருப்பாள், ஏனென்றால் அவர் உயரம். கருவாட்டு வண்டி கண்ணை விட்டு மறையும் வரை லயத்து வீட்டு வாசலில் நின்றிருப்பாள். "சிரிக்காதவ இல்லம்மா. அன்னைக்கு மட்டும்தான் சிரிக்கல. நீ அதத்தான் எழுதியிருக்க." நான் எழுதாததையெல்லாம் அவர் எழுதிக்கொண்டிருந்தார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டி அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். மத்தியான நேரம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாலிஹா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர் நாள் சொல்லிட்டாரு."

"என்ன?"

"எங்கள்ல எறந்தவங்கள, மையத்த, அடக்குன பெறகு தல்கீன் ஓதுவாங்க. அடங்குனவங்களப் பேரு சொல்லிக் கூப்பிட்டு ஓதுறது. இன்னாரோட மகனேன்னு, பெத்த தாய் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. வளத்தவங்க பேரச் சொல்லக் கூடாதாம். தாய் பேரு தெரியாதவங்களுக்கு ஹவ்வான்னு சொல்லிருவாங்க. ஆதம் ஹவ்வா, அந்த ஹவ்வா. எல்லாருக்கும் தாய் அவங்கதானே."

"ம்."

"அத்தா சின்ன வயசுலேருந்து யாரு அடக்கத்துக்குப் போயிட்டு வந்தாலும் சொல்லுவாரு. எல்லாருக்கும் ஒரு பேரு இருக்கு, எனக்குக் கடைசியில ஹவ்வாதான்னு. இப்ப நாலு மாசமா ராமாத்தா, ராமாத்தான்னு தனக்குத்தானே சொல்லிப் பாக்குறாரு. நேத்து தாரிக்கக் கூப்பிட்டு, இமாம்கிட்ட பேரச் சரியாச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாரு. நான் இமாம்கிட்ட கேட்டேன். அவங்க வேற மதமாச்சேன்னு. அவரு, தாய் தாய்தான், தெரிஞ்சா அந்தப் பேரையே சொல்லலாம், உறுதியாத் தெரியணும், இல்லாட்டி ஹவ்வான்னே விட்டுரலாம்னு சொன்னாரு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணுக்குள்ள போறவருகிட்டச் சொல்ற பேருக்கா. அதுல பொய் இருக்கக் கூடாது. அந்த நடிகர் விசயத்துல நீங்க ஏதோ கலந்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கதைன்னா அப்படித்தான் இருக்கும், அத நான் கேக்கல. இந்தப் பேரு மட்டும். ராமாத்தாங்கிறது நெசம்தானா?"

8

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் நான் உண்மையைச் சொல்கிறேன். சாலிஹா கையை விடுகிறாள். கதையில் வரும் என்னை எனக்கு இந்த முடிவில்தான் கொஞ்சம் பிடிக்கிறது. இது நடக்கவில்லை.

இரண்டாவது முடிவில், பல மாதம் தேடிய பிறகு, தோட்டத்தின் பழைய ஆள்பேர்ப் புத்தகம் ஒன்று கிடைக்கிறது. அதில் 1934இல் ராமாத்தாள் என்ற பெயர் உண்மையிலேயே இருக்கிறது. வாசகர்களுக்கு இந்த முடிவு பிடிக்கும். நானும் தேடினேன், மறைக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு தேடினேன். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. காவலுக்கு இருந்த நேபாளிக்கு அங்கே முன்பு ரப்பர் மரம் இருந்ததே தெரியாது. புத்தகம் எதுவும் இல்லை.

மூன்றாவது, நடந்தது. நான் "நெசம்தான்" என்றேன். கேள்வி முடிந்து மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன். இதுவரை நான் எழுதிய எந்த வரியும் அவ்வளவு தடையில்லாமல் வந்ததில்லை. சாலிஹா அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

மீரா சாஹிப் ஒன்பது நாள் கழித்து மவுத்தானார். மறுநாள் தாரிக் அழைத்துச் சொன்னான்.

"இமாம் மூணு தரம் கூப்பிட்டாரு ஆண்டி. 'மீரா சாஹிப் இப்னு ராமாத்தா'ன்னு, ராமாத்தாவோட மகனேன்னு. நல்லாக் கேட்டுச்சு. அம்மா உங்ககிட்ட நன்றி சொல்லச் சொன்னாங்க."

அவரைப் பெற்றவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர். துரையின் பெயரைப் போலவே அதையும் யாரும் சொல்லவில்லை. எப்போதாவது, எங்கேயாவது, அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஹவ்வா என்று கூப்பிட்டிருக்கலாம், அதில் பொய் இல்லை. நான் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் தோசை மாவு அரைத்துக்கொண்டே யோசித்த ஒரு பெயரை வைத்துவிட்டேன்.

9

சாலிஹாவிடம் போய் நேரில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். இரண்டு தடவை போனேன். முதல் தடவை கடையில் கூட்டம். இரண்டாவது தடவை கூட்டம் இல்லை. அவள் எனக்கு ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்து, "அத்தா உங்கள கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. எழுதத்தான் வரும்.

இதைப் படித்த பத்திரிகை ஆசிரியர் இது போட்டிக் கதையைவிட நல்ல கதை என்றார். கீழே 'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் சொன்னால் தப்பித்துக்கொள்கிறேன் என்றாகிவிடுமோ என்று வீட்டுக்கு வந்து யோசித்து, மறுபடி அழைத்து, உங்கள் இஷ்டம் என்றேன். அவர் என்ன முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது. கீழே பாருங்கள்.

வரும் ஞாயிறு வெளியாகும். வியாழன் மத்தியானம் வரை திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு நேரம் இருக்கிறது. சாலிஹா ஞாயிறு காலை கடையைத் திறந்துவிட்டு, முதல் ஆள் வரும் வரை பத்திரிகை பார்ப்பாள். முதலில் என் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் என்ன செய்வாள் என்பதை நான் எழுத மாட்டேன். பாதி வரை எழுதி வைத்திருந்தேன். 'சாலிஹா பத்திரிகையை மடித்து வை—' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வியாழக்கிழமை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சாலிஹாவும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.